கொல்கோடு

ஆம்பூரில் யாரும் அந்தச் சொல்லை உடைத்துப் பார்ப்பதில்லை.
டெட்லைன்.
தண்ணீர் கேனைப் போல எந்நேரமும்
தளத்தின் நடுவில் நிற்கும்.
வியாழன் இரவு பத்து, டெட்லைன்.
நாலாயிரத்து இருநூறு ஜோடி, ஆண்கள் பழுப்பு,
ஹாம்பர்க்.

உடைத்தவள் நான்தான்.
தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு
ஷூ கம்பெனியில் பேக்கிங் லிஸ்ட் அடிக்கிறவளுக்கு
வேறென்ன வேலை.

டெட் என்றால் செத்த. லைன் என்றால் கோடு.
செத்தது யார்? கோடா?
எங்கள் தளத்தில் அப்படியும் ஒன்று உண்டு:
நாலாம் லைன், பதினெட்டுத் தையல் மிஷின்,
ஆர்டர் இல்லாமல் மார்ச்சிலிருந்து
பாலித்தீன் போர்த்திக் கிடக்கிறது.
"இதாம்மே டெட்லைனு" என்றாள் எஸ்தர் பாக்கியம்,
பசை காய்ந்த விரலால் காட்டி.
சிரித்தோம். சூப்பர்வைசர் முனவ்வர் பாயும்கூட.

அகராதி சிரிக்கவில்லை.
அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்.
பிடிபட்ட சிப்பாய்களைத் திறந்தவெளியில் அடைத்து
மதிலுக்குச் சில அடி உள்ளே தள்ளி
ஒரு கோடு.
சில இடத்தில் குச்சி நட்டு மேலே ஒரு சட்டம்.
சில இடத்தில் அதுவும் இல்லை,
இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும்.
தாண்டினால், பரண்மேல் இருப்பவன் சுடுவான்.
எச்சரிக்கை கிடையாது.
கோடுதான் எச்சரிக்கை.

பிறகு அது அச்சகத்துக்கு வேலைக்குப் போயிற்றாம்,
தாண்டிய எழுத்து காகிதத்தில் பதியாத கோடாக.
அங்கிருந்து செய்தித்தாள் ஆபீசுக்கு.
அங்கே யாரோ
கோட்டைக் கழற்றிக் கடிகாரத்தில் மாட்டினார்கள்.
அதற்கப்புறம் துப்பாக்கி தேவைப்படவில்லை.

தமிழில் காலக்கெடு என்கிறோம்.
அதிலும் ஒரு கெடு இருக்கிறது,
பால் கெடுகிற மாதிரி, மெதுவாக.
ரத்தம் இல்லை.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிப் பார்த்தேன்:
கொல்கோடு.
வினைத்தொகை.
கொன்ற கோடு, கொல்கின்ற கோடு, கொல்லும் கோடு.
மூன்று காலமும் ஒரே சொல்லுக்குள் பதுங்கிக்கொண்டால்
எதை வைத்து மணி பார்ப்பது?
இருந்தாலும் மகிழ்ச்சிதான் எனக்கு.
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

எஸ்தரின் தம்பி தொரப்பாடி ஜெயிலில்.
புதன்கிழமை மனுப் போட்டுப் பார்ப்பாள்.
கம்பி வலைக்கு முன்னால்
மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு, அதற்கு இப்பால் நின்று
கத்திப் பேச வேண்டுமாம்.
"மிதிச்சா இன்னா ஆவும்?"
"ஒண்ணியும் ஆவாது. திட்டுவான்."
ஊசியில் நூலைக் கோத்துவிட்டுச் சொன்னாள்:
"தம்பி என் மூஞ்சியப் பாக்கமாட்டான் மே.
என் காலையே பாத்துக்கினு நிப்பான்."

இந்தப் புதன் அவள் போகவில்லை.
லீவு கேட்கவும் இல்லை.
ஆயிரத்து நூறு ஜோடிக்கு உள்தோல் பாக்கி.
தம்பிக்கு வாங்கிய பிஸ்கட் பாக்கெட் மூன்று
என் மேசை டிராயரில் இருந்தது.

வியாழன் ஒன்பது ஐம்பது.
கன்டெய்னர் கதவை அறைந்து மூடினார்கள்.
சீல் நம்பரை நான் படிக்க முனவ்வர் பாய் எழுதினார்.
லாரி ஹைவே ஏறி, பள்ளிகொண்டா பக்கம்
சிவப்பு விளக்காகிப் போயிற்று.

உள்ளே வந்து மெயிலைத் திறந்தேன்.
ஹாம்பர்க்.
கிடங்கில் இடமில்லை.
பத்து நாள் கழித்து அனுப்பினால் போதும்.
அன்புடன்.

குச்சியைப் பிடுங்கித் தள்ளி நட்டிருக்கிறார்கள்,
நாங்கள் பழைய பள்ளத்தின் ஓரம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

குடியாத்தம் பஸ் ஹாரன் அடித்தது.
எஸ்தர் டிபன் கேரியரோடு வாசலில்.
"எப்ப வந்துச்சி மே மெயிலு?"

செவ்வாய் மாலை ஐந்தே கால்.
அந்நேரம் நான் அகராதியில் இருந்தேன்,
அமெரிக்காவில், மதிலுக்குச் சில அடி உள்ளே.

"இப்பத்தான்" என்றேன்.

யாரும் சுடவில்லை.
டிராயரைத் திறந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன்.
ஒரு பாக்கெட்டை மட்டும் என்னிடமே திருப்பித் தந்தாள்,
"நீயும் சாப்டல இல்ல?" என்று.